பல இனச் சபைக்கு ஒரு விகார்: வாசகர் கேள்வி பதில்

லண்டன் சுற்றுவட்டாரத்தில் இங்கிலாந்து திருச்சபையின் நகரச் சபைகளுக்குப் போகும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: விகார் (சபைக்கு நியமிக்கப்பட்ட குருவானவர்) போய்விட்டார், அடுத்தவர் எப்படி வருவார், அதில் எங்கள் பங்கு என்ன? எல்லாக் கடிதங்களுக்கும் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்களுக்கு இந்த முறை புதிது என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் விகார் ஓய்வு பெற்றுவிட்டார். ஊரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள் நான். ஐயர் மாறினால் பேராயர் அடுத்தவரை அனுப்பிவிடுவார், அவ்வளவுதான் தெரியும். இங்கே ‘பேட்ரன்’, ‘செக்‌ஷன் லெவன்’ என்று என்னென்னவோ பேசுகிறார்கள். உண்மையில் முடிவெடுப்பது யார்?
– ஈஸ்ட்ஹாம் வாசகி

மூன்று தரப்பும் இசைந்தால்தான் விகார் வர முடியும். பேட்ரன் என்பவர் ஒருவரின் பெயரை முன்வைக்கும் உரிமை உள்ளவர். அந்தப் பெயரைப் பேராயர் ஏற்க வேண்டும். உங்கள் சபைக் குழுவான பிசிசி தேர்ந்தெடுத்த இரண்டு பிரதிநிதிகளும் ஏற்க வேண்டும். 1986-ஆம் ஆண்டின் பேட்ரனேஜ் பெனிஃபிசஸ் மெஷர் என்ற திருச்சபைச் சட்டம் தரும் உரிமை இது. யாரும் பெருந்தன்மையாகக் கொடுத்ததல்ல.

பேட்ரன் யார் என்பது இடத்துக்கு இடம் வேறு. பல இடங்களில் பேராயரேதான். சில சபைகளுக்கு மன்னர், சிலவற்றுக்கு லார்டு சான்சலர், கதீட்ரல், ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் கல்லூரி, சிமியோன்ஸ் டிரஸ்டீஸ் போன்ற அறக்கட்டளை, அபூர்வமாகத் தனி ஆள். இந்த உரிமையை விலைக்கு விற்க முடியாது. உங்கள் பேட்ரன் யாரென்று தெரியாவிட்டால் பேராயத்தின் சட்ட அலுவலகமான ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவேட்டில் பெயர் இருக்கும். மன்னர் பேட்ரனாக உள்ள இடங்களில் நடைமுறை சற்று மாறும். அதை ஆர்ச்டீக்கனிடம் (பேராயருக்கு உதவியாகப் பல சபைகளைக் கண்காணிக்கும் மூத்த குருவிடம்) முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘செக்‌ஷன் லெவன்’ என்பது அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி பிசிசி கூட வேண்டிய கூட்டம். சபையின் நிலை, தேவை, மரபு ஆகியவற்றை விவரிக்கும் குறிப்பு அங்கே தயாராக வேண்டும். இரண்டு பிரதிநிதிகளை நியமிக்க வேண்டும். விளம்பரம் செய்யும்படி பேட்ரனைக் கேட்பதா, பேராயரிடமிருந்து எழுத்து மூலமான குறிப்பு ஒன்றைக் கேட்பதா, பேராயரும் பேட்ரனும் சபையாரோடு அமர்ந்து பேசும் 12-ஆம் பிரிவுக் கூட்டத்தைக் கேட்பதா என்று முடிவு செய்ய வேண்டும். போகிற விகாரும் அவருடைய மனைவியோ கணவரோ இந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது, பேட்ரனும் கூடாது. பிசிசியின் பொதுநிலை (குருவல்லாத) துணைத்தலைவர் நடத்துவார். பிரியாவிடை விருந்து முடிந்த கையோடு பழைய விகாரிடம் “அடுத்தவர் யார் வந்தால் நல்லது” என்று யோசனை கேட்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அன்பினால் கேட்பதுதான், ஆனாலும் அது அவரையும் சங்கடப்படுத்தும், வருகிறவரையும் சங்கடப்படுத்தும்.

கால அளவைப் பொறுத்தவரை, பதவி காலியானதிலிருந்து புதியவர் வந்து பொறுப்பேற்கும்வரை ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆவது சாதாரணம். தேர்வானவர் தன் பழைய சபைக்கு மூன்று மாத அறிவிப்புத் தர வேண்டும் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரதிநிதிகள் இருவரில் ஒருவர் தமிழராகவும் ஒருவர் ஆப்பிரிக்கராகவும் இருக்க வேண்டும் என்று எங்கள் சபையில் வாக்குவாதம் நடக்கிறது. வெள்ளைக்கார முதியவர்கள் சபையின் பொறுப்பாளர்களான இரண்டு சர்ச் வார்டன்களையே போடலாம் என்கிறார்கள். எது சரி?
– பிசிசி உறுப்பினர், ஹாரோ

பிசிசியில் உள்ள பொதுநிலையினரில் எந்த இருவரையும் நியமிக்கலாம். யாரையும் நியமிக்காமல் விட்டால் சர்ச் வார்டன்களே பிரதிநிதிகளாகிவிடுவார்கள். அதனால்தான் பல இடங்களில் யோசிக்காமலே அவர்கள் தலையில் விழுகிறது. காலியிட காலத்தில் ஞாயிறு ஆராதனைக்கு ஆள் தேடுவது முதல் கூரை ஒழுகினால் ஏணி வைப்பதுவரை வார்டன்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும். முடிந்தால் ஒருவரையாவது வேறாகப் போடுங்கள்.

இனவாரியாகப் பங்கு பிரிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அந்த இருவரும் மொத்தச் சபைக்கும் பிரதிநிதிகள். “எங்கள் ஆளுக்காக” உட்காரும் பிரதிநிதி நேர்காணல் அறையில் மற்றவர்களின் நம்பிக்கையை முதல் அரைமணியிலேயே இழந்துவிடுவார். வேறு மூன்று விஷயங்களைப் பாருங்கள். பெயர்களை வீட்டில்கூடச் சொல்லாமல் காக்கக்கூடியவரா? பேராயர் முன்னால் “எங்களுக்கு இது சரிவராது” என்று மரியாதையோடு சொல்லும் துணிவு உண்டா? ஷார்ட்லிஸ்ட்டுக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒன்றிரண்டு நாள் என்று வேலை நாட்களில் விடுப்பு எடுக்க முடியுமா? இந்த மூன்றும் உள்ள இருவரும் தமிழராக இருந்தாலும் தவறில்லை, இருவரும் ஜமைக்காக்காரர்களாக இருந்தாலும் தவறில்லை. ஒருவரால் வர முடியாமல் போனால் பிசிசி வேறொருவரை நியமிக்கலாம்.

அவர்களின் அதிகாரம் எவ்வளவு என்பதையும் தெரிந்து வையுங்கள். பேட்ரன் சொல்லும் பெயரை மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பேட்ரன் அதைத் தலைமைப் பேராயரிடம் கொண்டுபோனால், அவர் மறுப்பைத் தள்ளிவிட்டு நியமனத்துக்கு அனுமதி தரவும் முடியும். குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும். “மனசுக்குப் படவில்லை” என்ற காரணம் அங்கே நிற்காது. “சபைக் குறிப்பில் அவசியம் என்று எழுதிய இந்தத் தகுதி இவரிடம் இல்லை” என்பது நிற்கும்.

சபை விவரக் குறிப்பை நான்கு பேர் கூடி எழுதினோம். “இதை எந்தச் சபைக்கும் ஒட்டலாம் போலிருக்கிறதே” என்று ஆர்ச்டீக்கன் திருப்பி அனுப்பிவிட்டார். எதைத்தான் எழுதுவது?
– சர்ச் வார்டன், டூட்டிங்

பாரிஷ் புரொஃபைல் எனப்படும் இந்தக் குறிப்புதான் முழு வேலைக்கும் அச்சாணி. விண்ணப்பிப்பவர் அதைப் படித்துத்தான் வருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார். ஷார்ட்லிஸ்ட், நேர்காணல் கேள்வி, மறுப்புக் காரணம் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஆகவே நேரம் செலவழிப்பதானால் இங்கே செலவழியுங்கள்.

“அன்பும் துடிப்பும் நிறைந்த, பல இன மக்கள் கூடும் குடும்பம்” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள், எண்கள் உதாரணத்துக்குத்தான்: “ஞாயிறு 8 மணித் திருவிருந்துக்கு 12 பேர், பெரும்பாலும் எழுபது கடந்தவர்கள். 10 மணிக்கு 85 பெரியவர்கள், 20 பிள்ளைகள். பாதிப்பேர் கானா, நைஜீரியாக் குடும்பங்கள். கால்வாசி கரீபியன் வழிவந்தவர்கள். தமிழ், மலையாளம் பேசும் குடும்பங்கள் பதினைந்து. பிசிசியில் 14 பேர். அவர்களில் 40 வயதுக்குக் கீழ் ஒருவரே. மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை தமிழ் ஜெபக்கூட்டம். அதை நடத்திவந்தவர் ஊர் மாறிவிட்டார்.” கடைசி இரண்டு வாக்கியங்களைப் படிக்கும் நல்ல குருவானவர் நிமிர்ந்து உட்காருவார். செய்ய வேண்டிய வேலை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வருகை எண்ணிக்கையை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தலை எண்ணித் திருச்சபைக்கு அனுப்பும் கணக்கு உங்கள் கோப்பில் இருக்கும். ஐந்தாண்டு எண்களை வரிசையாகப் போடுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மறைக்க வேண்டாம். விண்ணப்பதாரரும் விசாரிப்பார். பாரிஷ் எல்லைக்குள் வாழும் மக்களைப் பற்றி 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரத்தைப் பேராய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அதைச் சபையின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் தெருவில் இருக்கிறார்கள், ஆனால் ஆலயத்துக்குள் இல்லை என்பது தெரியும். விகார் என்பவர் ஞாயிறு வருபவர்களுக்கு மட்டும் குருவல்ல. எல்லைக்குள் உள்ள அத்தனை ஆத்துமாக்களுக்கும் அவருக்குப் பொறுப்பு உண்டு. மேனர் பார்க்கில் முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்காரரும் அவருடைய பாரிஷ்காரர்தான். எனவே அக்கம்பக்கத்துக் கோயில், மசூதி, குருத்வாரா, பள்ளிக்கூடங்களோடு சபைக்கு என்ன உறவு என்று ஒரு பத்தியாவது வேண்டும்.

கட்டடத்துக்கு: ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக்கலைஞர் தரும் ஆய்வறிக்கையில் அவசரம் என்று குறித்த வேலைகள் எவை, எவ்வளவு முடிந்தது. பணத்துக்கு: மூன்றாண்டு வரவு செலவு, பேராயத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையை முழுதாகக் கட்டுகிறீர்களா இல்லையா. இந்தத் தொகையை லண்டனில் காமன் ஃபண்டு என்பார்கள், சதக்கில் பாரிஷ் சப்போர்ட் ஃபண்டு என்பார்கள். பாக்கி இருந்தால் பாக்கி என்று எழுதுங்கள். வீட்டுக்கு: எத்தனை படுக்கையறை, ஹீட்டிங் எப்படி, படிப்பறைக்குத் தனி வாசல் உண்டா, பள்ளிகள் எவ்வளவு தூரம். விண்ணப்பதாரரின் குடும்பம் முதலில் புரட்டும் பக்கம் இதுதான்.

ஹாலை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மதியம் கூடும் வேறு சபைகள் இருந்தால், தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபையோ பிரேசில் சபையோ, அவர்களோடு எழுத்து ஒப்பந்தம் உண்டா, வாடகை எவ்வளவு, எப்போது முடிகிறது என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் சபையின் விருந்தினர்கள், உறுப்பினர்கள் அல்லர். “எங்களிடம் 200 தமிழர் வருகிறார்கள்” என்று அவர்களையும் சேர்த்து எண்ணிப் போட்டால் புதியவர் வந்த முதல் மாதமே அந்தக் கணக்கு உடையும்.

எழுதும் முன் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் கேள்வித்தாள் அச்சிட்டு வாசலில் வைத்தால் எப்போதும் பேசுகிற அதே பத்துப் பேர்தான் நிரப்பித் தருவார்கள். மூன்றே கேள்விகள் போதும்: இந்தச் சபையில் எது நிலைக்க வேண்டும்? எது மாற வேண்டும்? வருகிறவர் முதல் ஆண்டில் எதைச் செய்ய வேண்டும்? ஆராதனை முடிந்த தேநீர் நேரத்தில் ஆளுக்கொரு மேசையாக உட்கார்ந்து வாயால் கேளுங்கள், கேட்பவரே எழுதட்டும். தமிழ் முதியவர்களிடம் தமிழில் கேளுங்கள். மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இரவு வேலை பார்ப்பவர்கள் ஞாயிறு வரமாட்டார்கள், அவர்களுக்குத் தொலைபேசி. பதின்வயதினரைப் பெற்றோர் இல்லாத இடத்தில் கேளுங்கள்.

கரீபியன் முதியவர்களைக் கேட்பதில் தனி அக்கறை எடுங்கள். 1948-இல் விண்ட்ரஷ் கப்பல் வந்த காலம் தொட்டு இங்கே குடியேறிய ஆங்கிலிக்கன் விசுவாசிகள் பலர் இந்நாட்டு ஆலய வாசல்களிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்காகத் திருச்சபையின் உயர் மன்றமான ஜெனரல் சினட் 2020 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. அத்தனைக்கும் பிறகு இந்த ஆலயத்தில் நிலைத்து நின்றவர்களுக்கு, புதிய விகாரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொல்ல முதல் உரிமை உண்டு.

கேட்க மூன்று வாரம், எழுத இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது ஒருவர், திருத்துவது இருவர். குழுவாக எழுதினால் ஆர்ச்டீக்கன் திருப்பி அனுப்பியது மாதிரிதான் வரும். பன்னிரண்டு முதல் பதினாறு பக்கம் போதும். பிள்ளைகள் படத்துக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். வருகிறவரிடம் இருக்க வேண்டிய தகுதிகளில் ‘அவசியம்’ என்பதை ஆறு ஏழுக்குள் நிறுத்துங்கள். இருபத்தைந்து எழுதினால், எல்லாம் தன்னிடம் உண்டு என்று நினைக்கும் ஒருவர்தான் விண்ணப்பிப்பார்.

தமிழ் தெரிந்த குருவானவர்தான் வேண்டும் என்று விளம்பரத்தில் போடலாமா? எங்கள் அம்மா போன்றவர்களுக்கு ஆங்கிலத்தில் ஜெபித்தால் ஒட்டவில்லை.
– வால்தம்ஸ்டோ வாசகர்

“தமிழர் வேண்டும்” என்று போடக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் ஈக்வாலிட்டி ஆக்ட் இனம், தேசியம், வம்சாவளி அடிப்படையில் ஒதுக்குவதைத் தடுக்கிறது. திருச்சபைக்கு மத அடிப்படையில் உள்ள விலக்குகள் இதற்கு உதவாது. மொழியறிவை ‘அவசியம்’ என்று போடுவதும் மற்ற இனத்தவரை மறைமுகமாக ஒதுக்குவதாகப் பார்க்கப்படும், வேலைக்கு அது உண்மையிலேயே தேவை என்று நிரூபித்தாலன்றி. பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் உள்ள நூறு பேர் சபையில் அதை நிரூபிப்பது கடினம். ‘இருந்தால் நல்லது’ என்ற பட்டியலில் தெற்காசிய மொழி ஒன்றின் அறிவைச் சேர்க்கலாம். ‘அவசியம்’ பட்டியலில் “பல மொழி, பல பண்பாட்டு மக்களை ஒரே சபையாக நடத்திய அனுபவம்” என்று எழுதுங்கள்; அதற்குச் சான்று கேட்க முடியும்.

உங்கள் அம்மாவின் தேவை நியாயமானது. அதற்கு வேறு வழி உண்டு. ஓய்வுபெற்ற சி.எஸ்.ஐ. அல்லது இலங்கைத் திருச்சபைக் குருவானவர் யாராவது அருகில் இருந்தால், உரிய அனுமதிகளோடு தமிழில் திருவிருந்து நடத்தலாம், வீட்டுக்கு வந்து ஜெபிக்கலாம். தமிழ் பேசும் ஒருவரை லைசென்ஸ் பெற்ற லே மினிஸ்டர் என்ற குருவல்லாத ஊழியராகப் பயிற்சிக்கு அனுப்பலாம். இந்தத் தேவையைக் குறிப்பில் வெளிப்படையாக எழுதினால், வருகிற விகார் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்வார்.

பெண் குருவானவர் வேண்டாம் என்று எங்கள் சபையில் சிலர். அதைக் குறிப்பில் எழுதலாமா?
– பெயர் வேண்டாம், லூயிஷம்

சும்மா எழுத முடியாது. பேராயர்கள் சபையின் 2014 பிரகடனத்தின்படி பிசிசி முறைப்படி தீர்மானம் நிறைவேற்றினால்தான் அந்த ஏற்பாடு. உறுப்பினர் எல்லோருக்கும் நேரம், இடம், தீர்மான வாசகம் ஆகியவற்றோடு குறைந்தது நான்கு வாரம் முன்னறிவிப்பு வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் வந்திருந்து அவர்களில் பெரும்பான்மை ஆதரிக்க வேண்டும், அல்லது மொத்த பிசிசியில் பெரும்பான்மை வேண்டும். இறையியல் மனச்சாட்சிக்கான வழி இது. அப்படித் தீர்மானம் இல்லாத சபையில் பெண் விண்ணப்பதாரரை அந்தக் காரணத்துக்காகக் கழிக்கக் கூடாது. “நம்ம ஊர் ஆட்களுக்குப் பழக்கமில்லை” என்ற பேச்சுக்கு ஒரு தகவல்: சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா 2013-இல் திருநிலைப்படுத்தப்பட்டார். இங்கிலாந்து திருச்சபையில் முதல் பெண் பேராயர் லிபி லேன் வந்தது 2015-இல்தான்.

பேராயர் ‘சஸ்பென்ஷன்’ போட்டுவிட்டார், ப்ரீஸ்ட் இன் சார்ஜ்தான் வருவார் என்கிறார்கள். எங்கள் விகார் தப்பு செய்ததாலா?
– இல்ஃபர்டு வாசகர்

இல்லை. நிறுத்திவைக்கப்பட்டது பேட்ரனின் பெயர் சொல்லும் உரிமை. இரண்டு பாரிஷ்களை இணைப்பது, வீட்டை மாற்றுவது போன்ற யோசனை இருந்தால் 2011-ஆம் ஆண்டின் மிஷன் அண்ட் பாஸ்டரல் மெஷரின்படி பேராயர் ஐந்தாண்டுக்கு மிகாமல் இப்படிச் செய்யலாம், நீட்டிக்கவும் முடியும். அதற்குமுன் பிசிசியைக் கலந்தாலோசிக்க வேண்டும். வருகிறவரைப் பேராயரே லைசென்ஸ் கொடுத்து ப்ரீஸ்ட் இன் சார்ஜாக, அதாவது பொறுப்புக் குருவாக, நியமிப்பார். பிரதிநிதிகளுக்குச் சட்டப்படியான மறுப்புரிமை இங்கே இல்லை. ஆனாலும் பெரும்பாலான பேராயர்கள் அதே முறையில் குறிப்பு, விளம்பரம், நேர்காணல் என்றுதான் நடத்துவார்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், என்ன திட்டம், எப்போது முடியும் என்று கேளுங்கள்.

நான் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ. குருவானவர். லண்டனில் இப்படிப்பட்ட சபைக்கு விண்ணப்பிக்க முடியுமா?
– திருநெல்வேலி வாசகர்

முடியும், ஆனால் படிகள் அதிகம். 1947-இல் ஆங்கிலிக்கன் சபைகளும் சேர்ந்து உருவான சி.எஸ்.ஐ. இங்கிலாந்து திருச்சபையோடு ஐக்கியத்தில் உள்ளது. உங்கள் குருத்துவம் ஏற்கப்பட்டது. ஆனாலும் வெளிநாட்டில் திருநிலை பெற்றவர் இங்கே ஊழியம் செய்ய 1967-ஆம் ஆண்டின் ஓவர்சீஸ் அண்ட் அதர் கிளர்ஜி மெஷரின்படி கேன்டர்பரி அல்லது யார்க் தலைமைப் பேராயரின் எழுத்து அனுமதி வேண்டும். இது விசாவுக்கு மேலே உள்ள தனி அனுமதி. இதை விட்டுவிட்டு விசா வேலையில் இறங்குபவர்கள்தான் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் பேராயரிடமிருந்து நல்ல நிலையில் ஊழியம் செய்கிறீர்கள் என்ற கடிதம், திருநிலைச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் ஆகியவற்றை முதலிலேயே எடுத்து வையுங்கள். இங்குள்ள டிபிஎஸ் என்ற குற்றப்பதிவுச் சோதனை பிரித்தானியப் பதிவுகளை மட்டுமே காட்டும். இந்தியச் சான்று அதனால்தான். விசா மினிஸ்டர் ஆஃப் ரிலிஜன் வகை. ஸ்பான்ஸர் லைசென்ஸ் உள்ள அமைப்பு ஸ்பான்ஸர் செய்ய வேண்டும், ஆங்கிலம் பி2 தரத்தில் வேண்டும். நேரே விகார் பதவிக்குத் தாவுவதைவிட உதவிக் குருவாகச் சில ஆண்டுகள் இருப்பது புத்திசாலித்தனம். இங்கே சர்ச் சட்டம், பாதுகாப்பு விதிகள், ஆலயக் கட்டடத்தில் ஆணி அடிக்கவும் ஃபேகல்டி என்ற திருச்சபை அனுமதி கேட்கும் முறை எல்லாம் வேறு.

நேர்காணல் நாளில் எங்கள் பிரதிநிதிகள் எதைக் கவனிக்க வேண்டும்?
– பிசிசி செயலாளர், கிராய்டன்

வழக்கமாக முந்தின மாலை விண்ணப்பதாரர்கள் பாரிஷைச் சுற்றிப் பார்ப்பார்கள், சபையாரோடு சாப்பிடுவார்கள். மறுநாள் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒரு சிறு பிரசங்கம் அல்லது விளக்கம்.

சாப்பாட்டில்தான் தவறு நடக்கிறது. ஜொலொஃப் சோறும் பிரியாணியும் வைத்து “யார் கையால் சாப்பிட்டார், யார் ஸ்பூன் கேட்டார்” என்று மதிப்பெண் போடுகிறார்கள். அந்த விருந்து விண்ணப்பதாரர் உங்களைப் பார்ப்பதற்கு. மதிப்பீட்டில் அதற்கு இடமில்லை என்று எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். “பிள்ளைகள் இல்லையா?”, “உங்கள் பூர்விகம் எது?” என்ற விசாரிப்புகளும் அங்கேதான் வரும். நம்மூரில் அது அன்பு. இங்கே அது புகாருக்கு இடம் தரும், கேட்கப்பட்டவருக்கு வலியும் தரும்.

கேள்விகளைக் குறிப்பிலிருந்து எடுங்கள், எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. “பல இனச் சபையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். “இரண்டு குழுக்கள் ஒரே ஹாலை ஒரே நேரத்துக்குக் கேட்டபோது என்ன செய்தீர்கள்? முடிவில் யாருக்கு மனவருத்தம், அதை எப்படி ஆற்றினீர்கள்?” என்று நடந்ததைக் கேளுங்கள். இறுதிச் சடங்கில் ஒரு குடும்பம் மூன்று மணி நேரப் பாடல் வேண்டும் என்றது, அடக்க மைதானத்தில் நேரம் குறித்தாயிற்று, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொருவர் பேசியதும் உடனே தனித்தனியாக மதிப்பெண் எழுதுங்கள், பிறகுதான் பேச்சு. முதலில் ஆர்ச்டீக்கன் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதன் பின்னால் போய்விடுவார்கள்.

பெயர்கள் வெளியே கசியக் கூடாது. விண்ணப்பதாரரின் இப்போதைய சபைக்கே அவர் விண்ணப்பித்தது தெரியாது. ஒரு வாட்ஸ்ஆப் செய்தி அவருடைய ஊழியத்தையே குலைத்துவிடும். தேர்வானவரின் பெயரைப் பேராய அலுவலகம் நாள் குறித்த பிறகு, இரண்டு சபைகளிலும் ஒரே ஞாயிறு அறிவிப்பதுதான் முறை. டிபிஎஸ் உள்ளிட்ட பாதுகாப்புச் சோதனைகள் முடியும்வரை நியமனம் உறுதியானதாகாது.

காலியிட காலத்தில் திருவிருந்து, கல்யாணம் எல்லாம் எப்படி?
– சர்ச் வார்டன், ஈஸ்ட்ஹாம்

வார்டன்களும் ஏரியா டீனும் (அக்கம்பக்கத்துச் சபைகளை ஒருங்கிணைக்கும் குரு) சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பேராயரின் அனுமதி பெற்ற ஓய்வுக் குருக்களின் பட்டியலை ஏரியா டீனிடம் வாங்கி மூன்று மாதத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். ஈஸ்டர், கிறிஸ்துமஸுக்கு அதற்கும் முன்னால். ஆள் கிடைக்காத ஞாயிறு லே மினிஸ்டர் காலை ஜெப ஆராதனை நடத்தலாம். கல்யாணத்தில் கவனம் தேவை: மணமக்களில் ஒருவர் பிரித்தானிய அல்லது ஐரிஷ் குடியுரிமை இல்லாதவரென்றால், ஆலயத்தில் திருமண அறிக்கை வாசிக்குமுன் ரெஜிஸ்ட்ரியிடம் கேளுங்கள், பெரும்பாலும் சூப்பரின்டெண்டென்ட் ரெஜிஸ்ட்ராரின் சான்றிதழ் வழியாகத்தான் போக வேண்டும். திருமண ஆவணத்தை முன்கூட்டியே தயாரித்து, கையெழுத்தானபின் 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும் என்பதை வரும் குருவிடம் நினைவூட்டுங்கள்.

நான் சி.எஸ்.ஐ. உறுப்பினர். இங்கே பிசிசிக்கு நிற்கலாமா?
– ஹௌன்ஸ்லோ வாசகி

நிற்கலாம். ஞானஸ்நானம் பெற்று, ஆறு மாதம் வழக்கமாக ஆராதனைக்கு வந்தவர் எலெக்டோரல் ரோல் என்ற சபை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பாரிஷுக்குள் குடியிருப்பவருக்கு அந்த ஆறு மாதமும் தேவையில்லை. பெயர் சேர்ந்து ஆறு மாதம் கழிந்ததும், திருவிருந்தில் பங்குபெறுபவராக இருந்தால் பிசிசிக்கு நிற்கலாம். விகார் தேர்வில் குரல் வேண்டுமென்றால் இந்தப் பட்டியலில் பெயர் வேண்டும். பல தமிழ்க் குடும்பங்கள் இருபதாண்டு வந்தும் சேர்த்திருக்கமாட்டார்கள். இந்த ஞாயிறே படிவம் கேளுங்கள்.

இரண்டு மாதம் விளம்பரம் போட்டும் ஒரே ஒரு விண்ணப்பம். அவரையே எடுத்துக்கொள்ளலாம் என்று சபை சோர்ந்துபோயிருக்கிறது.
– பிசிசி துணைத்தலைவர், பார்க்கிங்

ஒரே விண்ணப்பதாரரையும் முழு முறைப்படி நேர்காணல் செய்யுங்கள். அவசியத் தகுதிகள் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். களைப்பில் செய்த நியமனத்தை மாற்ற முடியாது. விகாரை நினைத்தபடி அனுப்பிவிட முடிகிற பதவியல்ல இது.

மறுவிளம்பரத்துக்கு முன் காரணம் தேடுங்கள். படித்துவிட்டு விண்ணப்பிக்காதவர்கள் ஆர்ச்டீக்கனிடம் தொலைபேசியில் என்ன கேட்டார்கள் என்று அவரிடம் விசாரியுங்கள். பதில் பெரும்பாலும் அங்கே இருக்கும். வீட்டின் நிலையாக இருக்கலாம், தெளிவில்லாத கணக்காக இருக்கலாம், குறிப்பில் ஒரே இனத்தவர் படங்கள் மட்டும் இருந்ததாகக்கூட இருக்கலாம். ஆகஸ்ட், டிசம்பர், ஈஸ்டருக்கு முந்தின வாரங்களைத் தவிருங்கள். சர்ச் டைம்ஸ் இதழோடும் திருச்சபையின் பாத்வேஸ் தளத்தோடும் நிற்காமல், பேட்ரன், ஏரியா டீன், பேராயத்தின் சிறுபான்மை இன ஊழியத்துக்கான ஆலோசகர் ஆகியோரிடம் தகுதியானவர்களுக்கு நேரடியாகச் சொல்லும்படி கேளுங்கள். திருச்சபையில் இனப் பாகுபாட்டைக் களைவது பற்றி 2021 ஏப்ரலில் வந்த ‘ஃப்ரம் லமெண்ட் டு ஆக்‌ஷன்’ அறிக்கைக்குப்பின் பேராயங்கள் இதில் கூடுதல் கவனம் காட்ட வேண்டியவை, கேட்கத் தயங்காதீர்கள். வீட்டைப் பழுதுபார்க்கும் தேதியைப் பேராயத்திடம் எழுத்தில் வாங்கிக் குறிப்பில் சேர்த்து, விண்ணப்ப முடிவுநாளையும் நேர்காணல் நாளையும் விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள்.